கண்டம் என்று ஓலையில் வந்துவிட்டது, என்ன செய்வது?

கேள்வி:

எனக்கு 36 வயது. ஈரோடு மாவட்டத்தில் ஒரு சிற்றூர். தனியார் பள்ளியில் ஆசிரியை. வீட்டுக்காரருக்கு 41 வயது, ஒரு சாய ஆலையில் கணக்கு எழுதுகிறார். இரண்டு பிள்ளைகள். ஆறு மாதத்துக்கு முன்பு நாத்தனாரோடு வைத்தீஸ்வரன்கோயில் போனபோது நாடி பார்த்தோம். இடது கைப் பெருவிரல் ரேகையை வாங்கிக்கொண்டு காத்திருக்கச் சொன்னார்கள். அப்புறம் ஓலைக் கட்டை எடுத்து வந்து முக்கால் மணி நேரம் ஏதேதோ கேட்டார்கள். ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லச் சொன்னார்கள். கடைசியில் ஓர் ஓலையில் என் பெயர், அப்பா அம்மா பெயர், வீட்டுக்காரர் பெயர் எல்லாம் அப்படியே வந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஏழாம் காண்டம் வாசிக்கும்போது கணவருக்கு 42ஆம் வயதில் வாகனத்தால் கண்டம் என்றார். சாந்தி காண்டத்தில் பரிகாரம் வந்தது. மொத்தம் 38,000 ரூபாய் ஆகும் என்றார்கள். 5,000 முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஊருக்கு வந்து எங்கள் குடும்ப ஜோசியரிடம் கேட்டேன். அவருக்குச் சிம்ம ராசி, அஷ்டம சனி, எச்சரிக்கையாக இருக்கச் சொல்லுங்கள் என்றார். இதற்கிடையில் வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் கூடுதல் சம்பளத்தில் ஒரு வேலை வந்தது. பைக்கில் போய் வருவதாகச் சொல்கிறார். குலதெய்வம் கோயிலில் பூ கேட்டோம், போகலாம் என்று வந்தது. ஆனாலும் நான்தான் ஏதேதோ சாக்குச் சொல்லித் தடுத்துக்கொண்டிருக்கிறேன். நாடியில் வந்ததை அவரிடம் சொல்லவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்து அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்க்கிறேன். பகலில் பத்துத் தடவை போன் செய்கிறேன். வரும் ஆவணியில் அவருக்கு 42 பிறக்கிறது.

கொழுந்தனாருக்கு மட்டும் விஷயம் தெரியும். "ஜோசியம் நடக்கப்போறதைச் சொல்றதில்லை அண்ணி, அது ஒரு வழிகாட்டல், அவ்வளவுதான். பயப்படாதீங்க" என்கிறார். வழிகாட்டல் என்றால் எனக்கு ஏன் வழியே தெரியவில்லை? ஜோசியம் எதிர்காலத்தைச் சொல்கிறதா, வழி காட்டுகிறதா? மீதி 33,000 கட்டுவதா, வேண்டாமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கட்ட வேண்டாம். கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டு அலையவும் வேண்டாம். ஏன் என்பது போகப் போக விளங்கும்.

நான் மனநல ஆலோசனை சொல்பவள். கிரகங்களைப் பற்றிப் பேசும் படிப்பு எனக்கு இல்லை. ஆனால் ஜோசியம் பார்த்துவிட்டுத் தூக்கம் போய் வந்தவர்களிடம் நிறையப் பேசியிருக்கிறேன். அதிகமும் பெண்கள், அதிகமும் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வந்தவர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது கண்டம் இல்லை. அவரிடம் சொல்லவில்லை என்ற அந்த ஒரு வரிதான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்தப் பெயர்கள். உங்கள் பயத்துக்கு அஸ்திவாரமே அதுதான். "பெயரெல்லாம் சரியாக வந்தபோது 42 மட்டும் எப்படித் தப்பாகும்?" என்று மனசு கேட்கிறது, இல்லையா?

அந்த முக்கால் மணி நேரத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். கடைசியில் கிடைத்த ஓலையை விடுங்கள், அதற்கு முன்பு தள்ளிவிட்ட ஓலைகளை நினையுங்கள். அப்பா பெயர் சிவன் பெயரா? இல்லை. முருகன் பெயரா? ஆமாம். நான்கெழுத்தா? இல்லை. அம்மா பெயர் 'சரஸ்' என்று தொடங்குமா? இல்லை. அம்மன் பெயரா? ஆமாம். இப்படித்தானே போயிருக்கும்? ஒவ்வொரு 'இல்லை'க்கும் ஓர் ஓலை கீழே போயிருக்கும், உங்களைப் பற்றி ஒரு தகவல் மேலே வந்திருக்கும். ஆமாம், இல்லை என்ற பதிலுக்கு எவ்வளவு வலு இருக்கிறது என்று கணக்குப் போட்டால் நம்ப முடியாது. சரியாகக் கேட்ட 20 கேள்விகள் போதும், 10,48,576 பேரில் ஒருவரைத் தனியாகப் பிரித்துவிடலாம். இரண்டை 20 முறை பெருக்கிப் பாருங்கள், இதே எண்தான் வரும். உங்கள் வகுப்பில் பிள்ளைகளை வைத்து ஒருநாள் விளையாடிப் பார்க்கலாம். ஒருவன் மனசில் ஒரு பெயர் நினைக்கட்டும், மற்றவர்கள் கேட்டே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வாசித்தவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் தொழிலில் பிறந்து, அதையே நம்பிச் செய்கிறவராகவும் அவர் இருக்கலாம். பெயர் சரியாக வந்ததற்கு ஓலையில் அது முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டிய தேவை இல்லை என்பதுதான் என் பேச்சு. இன்னொன்றும் கவனியுங்கள். அன்றைக்குச் சரியாக வந்த அத்தனையும் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை. பெயர்கள், பிள்ளைகள், வேலை எல்லாமே. அந்த அறையில் யாருக்குமே தெரியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான், அந்த 42. அது சரியா என்று இதுவரை யாரும் பார்க்கவில்லை. பெயர்கள் சம்பாதித்துக் கொடுத்த நம்பிக்கையில் அதுவும் சேர்ந்து உள்ளே நுழைந்துவிட்டது.

சரி, ஜோசியம் எதிர்காலத்தைச் சொல்கிறதா?

பஞ்சாங்கத்தில் ஒரு பகுதி உண்மையாகவே சொல்கிறது. கிரகணம் இன்ன தேதியில், இன்ன மணிக்குப் பிடிக்கும் என்று போட்டிருந்தால் அன்றைக்குப் பிடிக்கிறது. சூரியனும் சந்திரனும் போகும் பாதையைக் கணக்கில் பிடிக்க முடியும் என்பதால் அது சாத்தியம். அதிலிருந்து "ஆகவே உன் வீட்டுக்காரருக்கு ஆகாது" என்பதற்குத் தாவும் இடத்தில்தான் கணக்கு நின்றுவிடுகிறது.

அஷ்டம சனியையே எடுத்துக்கொள்வோம். சனி மீனத்துக்குப் போனால் சிம்ம ராசிக்கு எட்டாம் இடம், அஷ்டம சனி. சரி, எப்போது போனார்? திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மார்ச் 29. திருநள்ளாறு கோயில் பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச் 6. நடுவில் 11 மாதத்துக்கும் மேலே இடைவெளி. அந்த மாதங்களில் உங்கள் வீட்டுக்காரருக்கு அஷ்டம சனி இருந்ததா, இல்லையா? எந்தப் பஞ்சாங்கம் கடையில் கிடைத்தது என்பதைப் பொறுத்தது. இதைச் சொன்னால் ஜோசியர்கள் கோபப்படுவார்கள். ஆனால் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுவது நானில்லை, அவர்கள்தான்.

இன்னொரு கணக்கு. சனி மீனத்தில் இருக்கும்போது கும்பம், மீனம், மேஷம் மூன்றுக்கும் ஏழரை. சிம்மத்துக்கு அஷ்டமம். தனுசுக்கு அர்த்தாஷ்டமம். கன்னிக்குக் கண்டகம். எண்ணிப் பாருங்கள், 12 ராசியில் ஆறு ராசிக்குச் சனியால் ஏதோ ஒரு தொல்லை. சனி எந்த ராசிக்குப் போனாலும் இதே கணக்குதான், ராசிகள்தான் மாறும். ஊரில் பாதிப் பேருக்கு எப்போதும் "கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்" என்று சொல்லலாம். பாதியில் சிலருக்கு ஏதாவது நடக்கத்தான் செய்யும். மீதிப் பாதியிலும் நடக்கும், ஆனால் அதை யாரும் சனியின் கணக்கில் எழுதுவதில்லை.

ஜாதகத்தை நேரடியாகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2008இல் புனேயில் வானியற்பியலாளர் ஜயந்த் நார்லிகரும் நண்பர்களும் 200 பிள்ளைகளின் பிறந்த விவரங்களைச் சேகரித்தார்கள். பாதிப் பேர் படிப்பில் கெட்டிக்காரர்கள், பாதிப் பேர் மனவளர்ச்சி குன்றியவர்கள். ஜோசியர்களுக்கு ஆளுக்கு 40 ஜாதகம் அனுப்பி, எது யாருடையது என்று பிரிக்கச் சொன்னார்கள். 27 பேர் பதில் அனுப்பினார்கள். சராசரியாக 46 சதவீதம் சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தால் 50 வந்திருக்கும். ஒரு பிள்ளையின் வாழ்க்கையையே தலைகீழாக மாற்றும் ஒரு விஷயம் ஜாதகத்தில் தெரியவில்லை என்றால், 42ஆம் வயதில் வரும் ஒரு விபத்து தெரியும் என்று நான் எப்படி நம்புவது?

ஆனால் வாகனத்தால் ஆபத்து என்பது வெறும் கட்டுக்கதையும் இல்லை. இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்தில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குக் கொடுத்தது. அதில் 44 சதவீதத்துக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். நம் ஊரில் பைக் ஓட்டும் எந்த ஆணுக்கும் "வாகனத்தால் கண்டம்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 42 வயதில் உள்ளது போலவே 41லும் அந்த ஆபத்து இருந்தது, 43லும் இருக்கும். ஓலை சொன்னதில் பயனுள்ள பகுதி இது ஒன்றுதான், அதற்கு ஓலை தேவைப்படவில்லை.

இப்போது உங்கள் கொழுந்தனார் சொன்னது. நல்ல மனசோடு சொல்லியிருக்கிறார். ஆனால் "வழிகாட்டல்" என்ற இந்தப் பேச்சோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. பலித்தால் "பார்த்தாயா, அப்படியே சொன்னார்" என்கிறோம். பலிக்காவிட்டால் "அது ஒரு வழிகாட்டல்தானே" என்கிறோம். ஒரே ஆள் இரண்டு வாசலிலும் நின்று கட்டணம் வாங்குகிற மாதிரி. வழிகாட்டல் என்று சொல்லிவிட்டால் யாரும் தப்பாக முடியாது. தப்பாகவே முடியாத ஒன்று எப்படி வழி காட்டும்?

சிவன்மலை ஆண்டவன் உத்தரவுப் பெட்டி உங்கள் பக்கத்துக்காரருக்குத் தெரியாததில்லை. பக்தர் கனவில் வந்த பொருளை, சுவாமியிடம் பூ கேட்டு உறுதி செய்துகொண்டு, கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள். அந்த மலை மேல் மக்களுக்கு இருக்கும் பக்தியை நான் குறைத்துப் பேசவில்லை, நானும் படியேறியவள்தான். ஆனால் தண்ணீர் வைத்தபோது சுனாமி வந்தது என்று சொல்வார்கள், கேட்டிருப்பீர்கள். பெட்டியில் தண்ணீர் இருக்கிறதே என்று எந்த ஊரும் கடற்கரையை விட்டுக் கிளம்பவில்லை. சுனாமி வந்த பிறகுதான் தண்ணீருக்கு அர்த்தம் வந்தது. மஞ்சள் வைத்தால் விலை ஏறும் என்பார்கள் சிலர், இறங்கும் என்பார்கள் சிலர். ஏதாவது ஒன்று நடக்கும், அதற்குத் தக்கபடி சொன்னவர் நினைவில் நிற்பார்.

அப்படியானால் வழிகாட்டல் என்பதே பொய்யா? அப்படியும் நான் சொல்ல மாட்டேன். அதற்கு உங்கள் கடிதத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. நீங்கள் அதைப் பாதி வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். பூ கேட்டது.

பூ கேட்பதில் உள்ள ஒழுங்கைப் பாருங்கள். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலம். வெளியே பார்த்தால் ஒன்றுபோல இருக்கும். எது வந்தால் சரி, எது வந்தால் வேண்டாம் என்று எடுப்பதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். கேள்வி கேட்பவருடையது. அதுவும் செய்யலாமா கூடாதா என்ற கேள்வி. கிணறு வெட்டலாமா, இந்தச் சம்பந்தம் பேசலாமா, இந்த மாசம் நோன்பு சாட்டலாமா. அதை நடத்தப்போகிறவர்களே வந்து, குடும்பத்தோடு நின்று கேட்கிறார்கள். பதில் வந்ததும் வீட்டுக்குப் போய் வேலையைப் பார்க்கிறார்கள். இதில் எதிர்காலத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று யாரும் பூவிடம் கேட்பதில்லை. மாசக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த பேச்சை முடித்து, எல்லாரையும் ஒரு முடிவுக்குக் கொண்டுவருவது அதன் வேலை. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. பிறகு "நீ சொல்லித்தானே செய்தோம்" என்று வீட்டுக்குள் ஒருவரை ஒருவர் குத்திக்காட்டவும் முடியாது. ஆலோசகராக எனக்கு அந்தக் கடைசிப் பலன் ரொம்பப் பிடிக்கும்.

இதை வழிகாட்டல் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்வேன். ஓலையில் என்ன வந்தது? நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில் வந்தது. நீங்கள் மாற்ற முடியாத ஒரு வயதைச் சொன்னது. செய்யச் சொன்ன ஒரே காரியம் பணம் கட்டுவது. அதையும் யாருக்கு ஆபத்தோ அவர் அங்கே இல்லாதபோது சொன்னது. பழைய ஜோசியர்கள் பலர் ஆயுளைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். "தெரிந்து என்னம்மா பண்ணப் போறே?" என்பார்கள். ஜாதகத்தை நம்பாத நானும் அந்தப் பண்பை மதிக்கிறேன்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஓலை ஒன்று சொன்னது, குலதெய்வம் வேறு சொன்னது. பூவில் போகலாம் என்று வந்தும் நீங்கள் நம்பியது முன்பின் தெரியாத ஒருவர் வாசித்த ஓலையை. ஏன்? ஓலைக்குச் சக்தி அதிகம் என்றா? அது உங்கள் பயத்துக்குத் தோதாகப் பேசியது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பயந்த மனசு நாலு பேர் பேச்சில் பயமுறுத்துகிறவர் பேச்சைத்தான் பிடித்துக்கொள்ளும். அது உங்கள் குறை இல்லை, மனித மனசின் அமைப்பே அப்படி. ஆபத்தைத் தவறவிடுவதைவிட, இல்லாத ஆபத்தை இருப்பதாக நினைப்பது மேல் என்றுதான் அது பழகியிருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு "அப்படியானால் நல்ல வார்த்தை சொல்லும் ஒருவரிடம் போகிறேன்" என்று கிளம்பிவிடாதீர்கள். அதுவும் நிற்காது. முல்லைப்பாட்டில் ஒரு காட்சி உண்டு. அரசன் போருக்குப் போயிருக்கிறான், அரசி காத்திருக்கிறாள். வீட்டு முதுபெண்டிர் ஊருக்கு வெளியே போய், நெல்லும் முல்லைப் பூவும் தூவி, விரிச்சி கேட்டு நிற்கிறார்கள். காதில் விழும் முதல் சொல் நல்ல சொல்லா என்று பார்ப்பதுதான் விரிச்சி. அங்கே ஓர் இடைப்பெண், குளிரில் தாயைத் தேடும் கன்றிடம் "உன் அம்மா இப்போ வந்துடுவா" என்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறாள். அரசியைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. பெரியவர்கள் சந்தோஷமாகத் திரும்பி வந்து, நல்ல வாக்குக் கேட்டோம், அவர் வருவார், வருத்தத்தை விடு என்று சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார்கள். அரசி அழுகையை நிறுத்தவில்லை, இன்னும் அதிகமாக அழுகிறாள். இதை எழுதிய நப்பூதனாருக்கு என் தொழில் நன்றாகவே தெரிந்திருக்கிறது. பயத்தில் இருப்பவருக்கு உறுதிமொழி ஒட்டாது. இன்றைக்கு ஒருவர் "ஒன்றும் ஆகாது" என்றால் இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் இன்னொருவரிடம் கேட்கத் தோன்றும். பரிகாரமும் இப்படித்தான். 38,000 கட்டி முடித்த ராத்திரி நன்றாகத் தூங்குவீர்கள். அடுத்த வாரம் "சரியாகச் செய்திருப்பார்களா?" என்று தொடங்கும்.

அந்தப் பணத்தின் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் எனக்குப் புரிகிறது. கட்டாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால் காலம் முழுக்க என்னை நானே மன்னிக்க முடியாதே என்ற பயம். உங்களிடம் விற்கப்பட்டது அந்த மன்னிப்புதான். ஒன்றும் நடக்காவிட்டால் பரிகாரம் பலித்தது என்பார்கள், நடந்துவிட்டால் முழுசாகச் செய்யவில்லை என்பார்கள். ஜெயிக்க முடியாத ஆட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் எதற்கு? மனசு கேட்கவில்லை என்றால் உங்கள் ஊர்க் கோயிலில் ஒரு விளக்குப் போடுங்கள், பத்துப் பேருக்குச் சோறு போடுங்கள். மிரட்டலுக்குப் பயந்து செய்யாமல், மனசுக்குப் பிடித்துச் செய்யுங்கள்.

இனி செய்ய வேண்டியது.

பத்துத் தடவை போன் செய்வதை இன்றைக்கே நிறுத்துங்கள். பைக் ஓட்டிக்கொண்டிருப்பவரின் சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? ஒரு கையால் எடுப்பார், தோளில் இடுக்கிக்கொள்வார், இல்லை வண்டியை அவசரமாக ஓரம் கட்டுவார். நீங்கள் பயப்படும் விபத்துக்கு நீங்களே வழி பண்ணிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். கண்டம் பலிப்பது இப்படியும்தான். போய்ச் சேர்ந்ததும் ஒரு வாட்ஸ்அப், கிளம்பும்போது ஒன்று, அவ்வளவு போதும். முதல் வாரம் கை பரபரக்கும். பரபரக்கட்டும். போன் செய்யாமல் இருந்த ஒவ்வொரு மணி நேரமும், போன் செய்ததால்தான் அவர் பத்திரமாக இருந்தார் என்ற எண்ணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். ராத்திரி எழுந்து மூச்சைப் பார்ப்பதும் அதே வகைதான். விழிப்பு வந்தால் வரட்டும், அவர் பக்கம் திரும்பிப் பார்க்காமல் படுத்திருங்கள். பயம் ஏறும், ஏறின பயம் தானாக இறங்கும். அது இறங்குவதை நீங்களே ஒரு முறை பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, அவரிடம் சொல்லுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். ஆறு மாதமாக அவருக்குத் தெரிந்ததெல்லாம், நல்ல வேலை வந்தும் மனைவி முட்டுக்கட்டை போடுகிறாள், மணிக்கு ஒரு தடவை போன் செய்து வேவு பார்க்கிறாள் என்பதுதான். அவர் மனசில் இதற்கு என்ன காரணம் ஓடிக்கொண்டிருக்கும் என்று யோசித்தீர்களா? பிள்ளைகள் தூங்கிய பிறகு, "வைத்தீஸ்வரன்கோயில்ல ஒண்ணு சொன்னாங்க, அதுல இருந்து எனக்குப் பயமா இருக்கு, உங்ககிட்ட மறைச்சுட்டேன்" என்று ஆரம்பித்தால் போதும். சிரிப்பார், திட்டுவார், ஒருவேளை அவருக்கும் கொஞ்சம் பயம் வரும். எதுவானாலும் இரண்டு பேராகத் தாங்குவது சுலபம். பணம் கொடுத்ததையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அதைத் தனியாக வைத்தால் அது வேறு ஒரு கதையாக வளரும்.

சொன்ன பிறகு, ஓலையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு பேரும் உண்மையான ஆபத்தைப் பேசுங்கள். ஏனென்றால் உங்கள் பயத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஈரோடு பக்கமிருந்து திருப்பூர் சுமார் 50 கிலோமீட்டர். போக வர தினமும் 100 கிலோமீட்டர் பைக் என்றால், ஜாதகமே இல்லாத ஒருவருக்கும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது. ஸ்டேஷன் வரை பைக், அங்கிருந்து சீசன் டிக்கெட் என்று பாருங்கள். வேலை முடிய எத்தனை மணி ஆகும், கடைசி வண்டி எப்போது என்று அவரே விசாரிக்கட்டும். பைக் எடுக்கிற தூரம் எவ்வளவாக இருந்தாலும் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட், தாடைப் பட்டையை மாட்டி. பட்டையைத் தொங்கவிட்டுப் போனால் அது தொப்பி. பைக் இன்சூரன்ஸ் காலாவதி ஆகாமல் இருக்கிறதா, ஓட்டுகிற உரிமையாளருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பு அதில் சேர்ந்திருக்கிறதா, நாமினி இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். பல வீடுகளில் முதல் வருஷத்தோடு மறந்துபோயிருக்கும். 41 வயதாகிறது, ஒருமுறை சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்வதும் நல்லது. இதெல்லாம் 33,000க்குள் அடங்கி மிச்சமும் இருக்கும்.

இவ்வளவும் செய்து ஒரு மாதத்தில் தூக்கம் திரும்பவில்லை என்றாலோ, பள்ளியில் பாடம் நடத்தும்போதே மனசு அங்கே போய் நிற்கிறது என்றாலோ, ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையில் அந்தப் பிரிவு உண்டு. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பதற்றத்துக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. "ஜோசியத்துக்குப் பயந்து வந்தேன்" என்று சொன்னால் சிரிப்பார்களோ என்று நினைக்க வேண்டாம். அங்கே இருப்பவர்கள் இதை அடிக்கடி கேட்பவர்கள்.

குடும்ப ஜோசியரிடம் இனி போகக் கூடாதா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருந்தால் போங்கள் என்றுதான் சொல்வேன். கல்யாணத்துக்கு நாள் பார்க்க, பிள்ளைக்குப் பெயர் வைக்க, புது வீட்டுக்குப் பால் காய்ச்ச நேரம் குறிக்க அவர் இருக்கட்டும். அதெல்லாம் நீங்கள் செய்வதாக ஏற்கெனவே முடிவெடுத்த காரியங்கள். ஆயுள், நோய், கண்டம் என்று அவராகவே ஆரம்பித்தால், "அது வேண்டாங்க, நாளை மட்டும் சொல்லுங்க" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நாடி பார்த்த இடத்திலிருந்து மீதிப் பணம் கேட்டுப் போன் வந்தால் எடுக்க வேண்டாம், எண்ணைத் தடை செய்துவிடுங்கள். நாத்தனார் கேட்டால், வீட்டுக்காரரிடம் பேசி முடிவு செய்துவிட்டோம் என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் அவரும் பயப்படுவார், உங்களையும் மறுபடி பயமுறுத்துவார்.

திருப்பூர் வேலைக்குச் சரி, வேண்டாம் என்ற பதில் அவர் வாயிலிருந்து வரட்டும். ரயில் நேரத்தையும் சம்பளத்தையும் பிள்ளைகளின் பள்ளியையும் முன்னால் வைத்துக்கொண்டு நீங்கள் உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லுங்கள். இன்னொரு தரம் பூ கேட்க மட்டும் போக வேண்டாம், அங்கே ஏற்கெனவே பதில் சொல்லியாகிவிட்டது.